சோடைக்கும் ஆள் உண்டு

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் காற்றிலேயே காரம் இருக்கும். பரளச்சிக் காடுகளில் வானம் பார்த்து விளைந்த மிளகாய் வத்தலாகி, மூட்டை மூட்டையாக வந்து திருச்சுழி ரோட்டில் இருக்கும் பாய் குடோனில் இறங்கும். அதைக் கொட்டிக் காம்பு கிள்ளி, நல்ல வத்தலை ஒரு பக்கமும் சோடையை ஒரு பக்கமும் போடுவது எங்கள் வேலை. சோடை என்றால் நிறம் வெளுத்துப்போன வத்தல். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் மகன்கள், "ஒனக்கு என்னம்மா கொறச்சல், வீட்டுல கெடக்க வேண்டியதுதான?" என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். ஒரு குறைச்சலும் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்கும்போது தின்கிற சோறு எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. கண்ணும் இன்னும் நன்றாகத் தெரிகிறது. என்னைவிட வேகமாகச் சோடை பொறுக்குகிறவள் அந்தக் குடோனில் இல்லை. இதைப் பாயே சொல்லியிருக்கிறார்.

குடோனில் பல பெண்கள் உண்டு. நாங்கள் மூன்று பேர் மட்டும் எப்போதும் வாசல் பக்கத்துக் குவியலில் உட்காருவோம். நான் ஒருத்தி. எங்களில் இளையவள் ஒருத்தி. அவளுக்கும் அறுபது முடிந்துவிட்டது, என்றாலும் எனக்கு அவள் சின்னவள்தான். அவளுக்கு வடக்கு வீட்டில் குடியிருக்கிறவள் மூன்றாவது ஆள். பெயர் சொன்னால் இருவருமே சண்டைக்கு வருவார்கள். அதனால் சின்னவள் என்றும் வடக்கு வீட்டுக்காரி என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நானும் சின்னவளும் ஒரே சர்ச். ஊரில் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். வடக்கு வீட்டுக்காரி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். பங்குனிப் பொங்கலுக்கு விரதம் இருந்து தீச்சட்டி எடுப்பாள். நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் கேக்கை அவளும், அவள் பொங்கலுக்குக் கொடுக்கும் கொழுக்கட்டையை நாங்களும் தின்றே வயதாகிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வேதத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் காதில் விழுந்த வசனம் ஒன்றையும் விட்டதில்லை. பெண்கள் கூட்டத்தில் ஜெபம் பண்ண எழுந்தால், படித்த டீச்சர்கள்கூட நான் முடிக்கிற வரை கண்ணைத் திறக்க மாட்டார்கள். அதனால் வடக்கு வீட்டுக்காரி எனக்கு உபதேசியார் என்று பட்டம் வைத்திருந்தாள். கேலிக்கு வைத்த பட்டம்தான். நான் அதை மரியாதையாகவே வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசியில் சின்னவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அருப்புக்கோட்டையில் காட்டினார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையில் எல்லாம் நடந்துவிடும் என்றும் சொன்னார். சின்னவள் மட்டும் முடியாது என்றாள். ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகன், லாரி ஓட்டுகிறான். தலை நரைக்கத் தொடங்கிய அந்தப் பிள்ளை, ஒருநாள் லோடு இறக்கிவிட்டு நேரே குடோனுக்கு வந்து எங்கள் இருவர் முன்னால் குத்தவைத்தான்.

"பெரியம்மா, அத்தை, நீங்களாச்சும் கேளுங்க. கத்திக்குப் பயமான்னா இல்லேங்குறாக. பெறகு என்னன்னா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறாக. எனக்கு வேற யாரு இருக்கா?"

"போடா, அவளக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டாச்சும் போயிருவோம்" என்றாள் வடக்கு வீட்டுக்காரி. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வத்தல் குடோனில் ஒரு வசதி, யார் அழுதாலும் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சின்னவள் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், வீட்டில் தனியாக இருக்க முடியாமல் குடோன் வாசலுக்கு வந்து காற்றுப் படுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் உள்ளே, அவள் வாசல் நிலைக்கு வெளியே. அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது.

"அக்கா" என்று என்னைக் கூப்பிட்டாள். "தெரிஞ்சே செஞ்ச பாவத்துக்கு மன்னிப்பு உண்டா?"

எனக்குப் பிடித்த பேச்சு. காரத்துக்காக மூக்கில் கட்டியிருந்த துண்டைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னேன். "தெரிஞ்சு செஞ்சது, தெரியாமச் செஞ்சது, எல்லாத்துக்கும் உண்டு. அதுக்குத்தான ஆண்டவர் வந்தாரு? நாம சம்பாதிச்சு வாங்குறதா அது? சும்மா குடுக்குறது. அதுக்குப் பேருதான் கிருபை."

"சும்மா குடுக்குறதுன்னா எல்லாருக்கும் குடுத்துற வேண்டியதுதான?"

"கேட்டவுகளுக்குத்தான் கெடைக்கும். அறிக்கை பண்ணணும், மனந்திரும்பணும்."

"அறிக்கை பண்ண வாய் வரலேன்னா?"

இதற்கு என்னிடம் வசனம் இல்லை. தும்மல் வந்தது. தும்மினேன்.

"உபதேசியாருக்கே தொண்டை அடைச்சிருச்சு" என்றாள் வடக்கு வீட்டுக்காரி.

"காரம்" என்றேன்.

"ஆமா, காரந்தான்." அவள் ஒரு கை சோடையை அள்ளிக் காட்டினாள். "ஏன்க்கா, ஒங்க சாமி கடைசில இப்பிடித்தான் பொறுக்குவாராக்கும்? நல்லது இந்தப் பக்கம், சோடை அந்தப் பக்கம்?"

"பொறுக்கத்தான் செய்வாரு" என்றேன்.

"சோடைய என்ன செய்வாரு?"

நான் பதில் சொல்வதற்குள் சின்னவள், "எறிஞ்சிருவாரு" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அடிப் போடி இவளே. பாய்கூடச் சோடைய எறியமாட்டாரு. அதுக்குன்னு தனி யாவாரி வாரான், தனி வெல பேசுறான். சோடைக்கும் ஆளு இருக்கு. இம்புட்டுப் பெரிய ஒலகத்தப் படைச்சவருக்குப் பாய் அளவுக்குக்கூடவா யாவாரம் தெரியாது?"

உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், துண்டுக்குள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் சர்ச்சில் முதல் ஞாயிறு திருவிருந்து கொடுப்பார்கள். அப்பமும் திராட்சை ரசமும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் வரிசையாக எழுந்துபோய்ப் பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டு வருவோம். சின்னவள் எழுந்திருக்க மாட்டாள். எல்லாரும் போன பாயில் தலையைக் குனிந்து ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள். ஒரு முறை இரு முறை அல்ல, அவள் மகன் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு அப்படித்தான். ஊர் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லும். நான் கேட்டதில்லை. ஒருத்தர் மூடி வைத்திருப்பதைத் திறக்காமல் இருப்பதும் மரியாதைதான் என்று வளர்ந்தவள் நான்.

மறுநாளும் அவள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் குவியலை விட்டு எழுந்து நிலைப்படிக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து வடக்கு வீட்டுக்காரியும் மடியில் வத்தலை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தா பாரு புள்ள" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் செத்தாலும் எங்கிட்டும் சொல்ல மாட்டோம். என்னன்னு சொல்லு."

 ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. பின்னாலேயே இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

"ஆப்பரேசன்ல செத்துப்போனா நான் எங்க போவேன்?" என்றாள். "அது தெரியாம நான் போய்ப் படுக்க மாட்டேன்க்கா. இங்கன மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தாலும் இன்னும் கொஞ்ச நாளு தள்ளிப்போகும்ல, அதான்."

பிறகு சொன்னாள். மகனுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டிருந்தது. முகமெல்லாம் முத்து. கண் இரண்டும் மூடிப்போய்ப் பால்கூட இறங்கவில்லை. புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். மாமனார் சர்ச்சில் பெரிய ஆள்; ஜெபம் பண்ணு என்று சொல்லிவிட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டார். இவள் ஜெபம் பண்ணினாள். பிள்ளை கண் திறக்கவில்லை. வேப்பிலை கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்கள், அம்மனுக்கு நேர்ந்துகொள் என்றார்கள். அந்தப் பயத்தில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, "தாயே, எம்புள்ள கண்ணத் தொறந்தா நான் ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்தது.

"தொறந்தது சந்தோசம். அதுக்கப்புறந்தான் பயம் வந்துச்சு" என்றாள். "வேதக்காரி எப்பிடிச் சட்டி எடுக்க? மாமனார் வீட்ட விட்டு எறக்கியிருப்பாக. எடுக்கல. அடுத்த மொத ஞாயித்துக்கெழம அப்பத்துக்கு எந்திரிச்சேன், காலு வரல. வேற சாமிக்கு நேந்துக்கிட்ட கையில எப்பிடி வாங்க? உக்காந்துட்டேன். அன்னைக்கு உக்காந்தவதான். அம்மன்கிட்டச் சொன்ன சொல்லக் காப்பாத்தல. ஆண்டவருக்கும் உண்மையா இல்ல. மேல போனா எந்த வாசல்லக்கா போய் நிக்க?"

 

வடக்கு வீட்டுக்காரியின் கையில் ஒரு வத்தல் காம்பு கிள்ளாமல் அப்படியே நின்றிருந்தது. "ஏடி" என்றாள். "நீ சொல்றது அந்தச் சட்டியவா? புள்ளைக்கு அம்மை போட்டப்ப முடிஞ்சியே, அத?"

"அதத்தான்."

"அதான் அந்தப் பங்குனியிலயே எடுத்தாச்சே!"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? நாந்தான். வேப்பெல கொண்டாந்தவளே நாந்தானடி, மறந்துட்டியா? நீ முடியும்போது பக்கத்துல நின்னேன். பங்குனி வந்துச்சு, நீ வாசப்பக்கமே வரல. எடுக்க விடமாட்டாகன்னு எனக்குத் தெரியாதா? புள்ளைக்கு நேந்தது நிக்கக்கூடாதுல்ல. எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. ரெண்டு கையிலயும் ரெண்டு சட்டி எடுத்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எடுத்தத எடுத்தேன்னு சொல்லிக் காட்டவா? சொன்னா ஒங்க மாமனாரு காதுக்குப் போகும். ஒன்னயத்தான் வைவாக. நீயும் மறந்துட்டன்னு நெனச்சுக்கிட்டேன். நீ என்னடான்னா இம்புட்டு வருசமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்க!"

"நான் அப்பம் வாங்காம இருந்தது ஒனக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? நான் ஒங்க கோயிலுக்கு வாரது கேக்குக்கு. அதையும் வாசல்லயே வாங்கிட்டு வந்துருவேன்."

இப்படித்தான் இருந்திருக்கிறது. சட்டி எடுத்தது வடக்கு வீட்டுக்காரிக்குத் தெரியும், அப்பம் வாங்காதது தெரியாது. அப்பம் வாங்காதது எனக்குத் தெரியும், சட்டியைப் பற்றித் தெரியாது. தினமும் ஒரே குவியலில் கை வைத்தும், ஒரு நாளும் இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

நான் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் சின்னவள் புதிதாக ஒன்றைக் கிளப்பினாள்.

"எனக்காக நீ போய் அம்மனுக்குச் சட்டி எடுத்திருக்க. அப்ப அதுவும் எம் பாவத்துலதான சேரும்? ஒண்ணு ரெண்டாயிருச்சேக்கா!"

வடக்கு வீட்டுக்காரி மடியிலிருந்த வத்தலை எல்லாம் ஒரே உதறலில் கொட்டினாள். "பாவமா? அடி, கை சுட்டது எனக்கு, பாவம் ஒனக்கா? நல்லாருக்குடி ஒங்க நாயம்! ஒரு புள்ளைக்காகச் செஞ்சது பாவம்னா, அந்தப் பாவத்த எந் தலையில எழுதச் சொல்லு. நானே போய் அனுபவிச்சுக்கிறேன்." எழுந்து சேலையை உதறிக்கொண்டு தண்ணீர் டிரம் இருக்கும் பக்கம் போய்விட்டாள்.

சத்தம் கேட்டுப் பாய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இந்த லோடுல காரம் கூடிப்போச்சோ?"

"ஆமா பாய்" என்றேன். "தண்ணி குடிக்கப் போயிருக்கா."

சின்னவள் நிலையைப் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுத்தேன், வேண்டாம் என்றாள். குடோன் சுவரைத் தொட்டுத் தொட்டு, நின்று நின்று, அந்தத் தண்ணீர் டிரம் வரை நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வடக்கு வீட்டுக்காரி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வாங்கி முடித்துக் கேட்டாள். "சுட்டுச்சா?"

"என்னது?"

"கையி. சுட்டுச்சாடி?"

"தீ சுடாம?" என்றாள் இவள், இன்னும் கோபம் ஆறாமல். "வேப்பெலைய அடியில குடுத்துத்தான் புடிப்போம். சுடும். சுடவே இல்லேம்பாளுக, அதெல்லாம் பொய்யி. எஞ் சட்டி சோத்துக்கையில, அது பழகுன கையி. ஒஞ் சட்டி பீச்சாங்கையில. அதுக்குப் பழக்கமில்ல, அதுதான் கூடச் சுட்டுச்சு. கொப்புளம் வந்துச்சு. கத்தாழையத் தடவிக்கிட்டுக் கெடந்தேன். நீ ரசம் வச்சுக் கொண்டாந்து குடுத்த. கையில என்னடின்னு கேட்ட. வெந்நி கொட்டிருச்சுன்னேன்."

சின்னவள் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் தழும்பு ஒன்றும் இல்லை. வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளிச் சிவந்த விரல்கள், அவ்வளவுதான். அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். வத்தல் கையாயிற்றே, கண்ணில் பட்டு எரிந்து இன்னும் அழுதாள்.

"ஏடி, கைய விடு, கண்ணு போயிரும்! கழுவுடி மூஞ்சிய!" என்று தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தாள் வடக்கு வீட்டுக்காரி. கோபம் போன இடம் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சின்னவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, நான் இவகிட்டக் கேக்கல. இவ செஞ்சது எனக்குத் தெரியாது. எல்லாம் என்னைக்கோ முடிஞ்சுபோச்சு. நாந்தான் முடியலைன்னு பயந்துக்கிட்டே இருந்திருக்கேன். நீ கிருபை கிருபைன்னு சொல்லுவியே, அதுவும் இப்பிடித்தானா?"

 நம் பாரத்தை இயேசு சுமந்தார் என்று பெண்கள் கூட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன், அழ வைத்துமிருக்கிறேன். சுமந்தவருக்குச் சுட்டிருக்கும் என்பது அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. பழக்கமில்லாத கையில் அடுத்தவள் சட்டியை ஏந்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி நடந்துபோவது கண்ணில் நின்றது. 

"இப்பிடித்தான் புள்ள" என்றேன். "இதவிடப் பெருசு. ஆனா இப்பிடித்தான்."

"இந்தா, என்னையும் ஒங்க சாமியையும் ஒண்ணாக் கட்டாதீக" என்றாள் வடக்கு வீட்டுக்காரி. "அவரு ஒலகத்துக்கே சுமந்தாருங்கிறீக. நான் இவ ஒருத்திக்குத்தான் சுமந்தேன். அதுக்கே கத்தாழ தேடி அலைஞ்சேன்." பிறகு ஞாபகம் வந்தவளாக, "அந்த மஞ்சத்துணி முடிச்சு எங்கடி?" என்றாள்.

"அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. அவுக்கவும் பயம், எறியவும் பயம்."

"எங்கிட்டக் குடு. இந்தப் பங்குனிக்கு உண்டியல்ல போட்டுர்றேன். அதோட தீந்துச்சு."

சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள், கொடுக்கலாமா என்று. "குடு" என்றேன். "ஒரு காசுக்காக ஆண்டவர் ஒங்கூட மல்லுக்கு நிக்க மாட்டாரு." இதற்கும் எனக்கு வசனம் தெரியாது. ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவளைப் போதகர் ஐயா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இளவயதுக்காரர், நாகர்கோவில் பக்கம். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்காமல், சட்டி எடுத்தது யார், எந்தக் கை என்பது வரை சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் ஏதாவது தள்ளிவைக்கிற பேச்சுப் பேசினால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவது என்று தீர்மானமாகப் போயிருந்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா ஐயா. என்னய வஞ்சுக்கிட்டே இருக்கா" என்றாள் சின்னவள்.

"அன்னைக்கு உங்க பிள்ளை கண் திறக்காம கிடந்தப்ப, சபையிலயிருந்து யாராவது வந்து உங்ககூட உட்கார்ந்தாங்களா?"

"இல்ல ஐயா."

"அது எங்க குறை" என்றார். அவர் அப்போது பிறந்துகூட இருக்க மாட்டார். ஆனாலும் எங்க குறை என்றார். "நாளைக்கு முன் வரிசையில வந்து உட்காருங்கம்மா."

"ஐயா, அறிக்கை பண்ணணும்ல? என்ன சொல்லிப் பண்ண?"

"இப்ப சொன்னீங்களே, அதுதான்."

வாசலுக்கு வந்ததும் சின்னவள், "இம்புட்டுத்தானாக்கா?" என்றாள். "இம்புட்டுத்தான் போல" என்றேன். நான் கொண்டுபோன நாலு வார்த்தை அப்படியே மிச்சம்.

மறுநாள் முதல் ஞாயிறு. வடக்கு வீட்டுக்காரியும் எங்களோடு கிளம்பினாள். "நீ எதுக்கு?" என்றேன். "நடுவுல மயங்கி விழுந்தான்னா நீங்களா தூக்குவீக? ஒங்களத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்" என்றாள். சர்ச்சில் கடைசியில், கதவை ஒட்டிப் பாயின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் முறை வந்தது. சின்னவள் எழுந்தாள். பெண்கள் பக்கம் முழுவதும் தலை நிமிர்ந்து பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் அவளுக்கு இடது பக்கம் நடந்தேன். முழங்கால் போட்டாள். இரண்டு கையையும் ஏந்தினாள். அப்பம் வந்தது, வாங்கி வாயில் போட்டாள்.  ரசம் வந்தது, குடித்தாள். குடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கால் ஊன்றினால் மறு கால் வரவில்லை. அடுத்த வரிசை காத்திருக்கிறது. போதகர் ஐயா கிண்ணத்தோடு நிற்கிறார். சர்ச் முழுக்க ஒரு அமைதி.

அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏடி, மெதுவா! என்ன அவசரம், பஸ்ஸா போகுது? கம்பியப் புடிச்சு எந்திரி!"

ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. சின்னவள் பலிபீடத்துக்கு முன்னாலிருந்த கம்பியைப் பிடித்து எழுந்தாள். திரும்பி நடக்கும்போது என் காதருகில், "அக்கா, ரசம் இனிக்குது. நான் புளிக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். அந்த ருசியே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். மகன், நான், வடக்கு வீட்டுக்காரி. சின்னவள் அவளாகவே தயாராகி, பையில் சேலை, துண்டு, தம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். பாலவனத்தம் தாண்டும் வரை ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு தூங்கிவிட்டாள். அவள் வாய் திறந்து தூங்கியதைப் பார்த்து மகன் என்னிடம், "எங்கம்மா இப்பிடி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல பெரியம்மா" என்றான்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் தோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தாள். எங்கள் இருவரையும் பக்கத்தில் வரச் சொன்னாள். "வந்தா வாரேன்" என்றாள். "வரலேன்னாலும் கவலப்படாதீக. போற எடத்துல எனக்கு வாசல் தெரியும்." வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் என் ஆண்டவரிடம் கேட்டேன். வடக்கு வீட்டுக்காரி அவள் தாய் மாரியம்மனிடம் கேட்டாள். இருவர் உதடும் அசைந்தன, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நடுவில் அவள் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கி வந்தாள். எனக்குச் சீனி கம்மியாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லி வாங்கியிருந்தாள். அந்த டீக்காகவும் நான் ஸ்தோத்திரம் சொன்னேன். எனக்கு அமைந்த சிநேகிதிகளை நான் சம்பாதிக்கவில்லை. தெருவும் வத்தலும் கொடுத்த ஆட்கள். சும்மா கிடைத்தவர்கள்.

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். மகன் அவர் காலில் விழப் போனான், பிடித்துத் தூக்கினார்.

அடுத்த நாள் எங்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே விட்டார்கள். நர்சம்மாவைக் கெஞ்சி நாங்கள் இருவரும் சேர்ந்தே நுழைந்தோம். வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. வடக்கு வீட்டுக்காரி குனிந்து, "ஏடி" என்றாள். சின்னவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். மேலே வெள்ளையாக இருந்த கூரையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். வெள்ளை உடுப்பில் நின்ற நர்சம்மாவை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் துளிகூட இல்லை. பிறகு எங்கள் இரண்டு கிழவிகளின் முகமும் கண்ணில் பட்டது.

"இது மதுரையா?" என்றாள்.

"மதுரைதான்" என்றேன்.

"ஓ" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அந்தக் குரல்.

"ஏன், எங்கன்னு நெனச்ச?" என்றாள் வடக்கு வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அங்கே காரம் என்று சொல்லிக்கொள்ள வத்தல் இல்லை.

"சரி விடு. இன்னொரு நாளு போய்க்கிருவோம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் மறுபடி நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.